மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல், சளி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். நான்கு வகை மருந்து, 78 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன், அம்மா ஏற்கெனவே மளிகைக் கடையில் வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த அட்டைகளையும் பக்கத்தில் வைத்தேன். "அது காய்ச்சலுக்குப்பா, இது சளிக்கு, அந்தப் பச்சை அட்டை தலைவலிக்கு" என்றார். மூன்றையும் திருப்பி, பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமோல் 500 மில்லிகிராம். ஒரே மருந்துக்கு மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறோம். அதைவிட மோசம், அம்மா காலையிலிருந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சம், அதாவது எட்டு மாத்திரை, அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் இது. எந்த மருந்து கைக்கு வந்தாலும் முன்னால் இருக்கும் பெரிய பெயரை விட்டுவிட்டு, கீழே சின்னதாக இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். பெரிய பெயர் கம்பெனி வைத்தது, உங்கள் உடம்புக்குள் வேலை செய்வது சின்னப் பெயர். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும், எட்டு இலக்கம், அப்புறம் ஒரு எழுத்து. அந்த எழுத்து 'ஏ' என்றால் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, 'எக்ஸ்' என்றால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கலாம், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணே இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சின்னப் பெயர் தெரிந்துவிட்டால் காசு மிச்சம் பிடிப்பது சுலபம். பார்மசியில் "ஜெனரிக் அடா?", அதாவது பெரிய பிராண்ட் இல்லாத அதே மருந்து இருக்கிறதா என்று மலாயில் கேளுங்கள், போதும். அம்மாவின் பிரஷர் மாத்திரை அம்லோடிபின், இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபோர்மின். இரண்டுக்கும் பல கம்பெனிகளின் ஜெனரிக் இருக்கிறது, நான் வாங்கிய விலை பெயர்பெற்ற பிராண்டின் விலையில் பாதிகூட இல்லை. மருந்து அதே, மில்லிகிராம் அதே. மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும், அதனால் வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் புதுசு ஒன்று, பழசு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

தனியார் கிளினிக்கில் டாக்டர் பார்த்த பிறகு மருந்தையும் அங்கேயேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அது நம் உரிமை. முதல் தடவை கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கவுண்டரில் இருந்த பெண் எதுவுமே சொல்லாமல் எழுதி வாங்கிக் கொடுத்தார். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது, ஆகவே விலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீண்ட நாள் வியாதிக்கு அரசாங்க கிளினிக்தான். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். "காத்துக் கிடக்கணுமே" என்பார்கள். உண்மைதான், காத்துக் கிடக்கத்தான் வேண்டும். ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாளில்தான் அந்தக் காத்திருப்பு, இடையில் மாதாமாதம் மருந்து எடுக்க மருந்துக் கவுண்டருக்கு மட்டும் போனால் போதும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்தை நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு, 'எஸ்பியுபி' என்று அங்குள்ள மருந்துக் கவுண்டரில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா இது தெரியாமல் இரண்டு வருஷம் மாதாமாதம் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் வந்தார். அப்புறம், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள பி40 (வருமானத்தில் கீழே உள்ள 40 சதவீத) குடும்பத்தினருக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம்.

இனி காசு பார்க்கக் கூடாத இடங்கள். இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தபோது இடுப்பு வலி. கிளினிக்குக்குப் போகாமல், கூட வேலை செய்தவர் கொடுத்த வலி மாத்திரையை வெறும் வயிற்றில் தேநீரோடு இரண்டு மாதம் போட்டேன். இடுப்பு வலி அப்படியே இருந்தது, வயிறு எரிந்தது, கடைசியில் வயிற்றுக்குச் செலவழித்தது மிச்சம் பிடித்ததைவிட அதிகம். பிரஷர் உள்ளவர்கள் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற இந்த வகை வலி மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடவே வேண்டாம், பிரஷரும் ஏறலாம், சிறுநீரகமும் கெடலாம்.

காய்ச்சல் வந்தால் முதலில் டெங்கியைத்தான் நினைக்க வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டயரும் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையும் கிடந்தால் போதும், கொசுவுக்கு அதுவே வீடு. பாராசிட்டமோல் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் எதுவும் கூடாது, இரத்தக் கசிவுக்கு வழி விடும். இரண்டு நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் (ஓஆர்எஸ்) பாக்கெட்தான் முதல் மருந்து, விலையும் அற்பம். தோட்டத்தில் டிரெசர் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) இருந்த காலத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் ஊற்றுவார் என்று அப்பா சிரிப்பார். ஓமத் தண்ணீர், கோடாலி தைலம் இதெல்லாம் இருக்கட்டும், நானும் தேய்க்கிறேன். ஆனால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டு வலிக்கு என்று சீட்டு ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் உருண்டையை மட்டும் தொடாதீர்கள். இப்படி விற்கும் மருந்துகளில் ஸ்டீராய்டு (வலியையும் வீக்கத்தையும் அடக்கும் வலுவான மருந்து) கலந்திருந்தது பல தடவை பிடிபட்டிருக்கிறது. ஒரே இரவில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த உருண்டையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.