‘மணிமேகலை’ நூலா, பெண்ணா? நூல் பெயருக்கு டேக் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு பேர் தாங்கள் கட்டிய புத்தக மதிப்புரைப் பக்கங்களைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கல்லூரியில் கடைசி ஆண்டு. இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். ஒருவரையொருவர் தெரியாது. ஆனாலும் நான் பல வருஷங்களுக்கு முன் விழுந்த அதே குழியில் இருவரும் விழுந்து கிடந்தார்கள். டேக் என்பது பக்கத்தில் இந்தப் பகுதி இன்னது என்று உலாவிக்குச் சொல்லும் குறியீடு. அதை மூட மறப்பது மாதிரி விஷயங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கீழே இருப்பவை அப்படி மாட்டுவதில்லை.

சாய்வாகத் தெரிய வேண்டும் என்று ‘ஐ’ டேக் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

ஒரு சிற்றிதழின் பழைய மதிப்புரைகளை எல்லாம் எச்டிஎம்எல்லாக, அதாவது டேக் போட்ட இணையப் பக்கங்களாக, மாற்றும் வேலை கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேல். ஆங்கிலப் பக்கங்களில் நூல் பெயர் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. நூல் பெயருக்கு ‘ஐ’ (ஆங்கில எழுத்து ஐ, உலாவி சாய்த்துக் காட்டும் டேக்) போட்டேன். பிறமொழிச் சொல்லுக்கும் ‘ஐ’. கதாபாத்திரம் மனதுக்குள் பேசினால் அதற்கும் ‘ஐ’. எல்லாம் அழகாகச் சாய்ந்து நின்றன.

ஆசிரியர் வயதானவர், அச்சுக்கூடத்தில் வளர்ந்தவர். பார்த்ததும் கேட்டார்: “என்ன தம்பி, காத்தடிச்ச வாழைத்தோப்பு மாதிரி எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு?” அவர் கேட்டது நியாயம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது. நேர் எழுத்தை உலாவியே பிடித்துச் சாய்த்து வைக்கிறது. தமிழ் அச்சில் நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறிதான் பழக்கம். அப்படியே மாற்றித் தரச் சொன்னார்.

அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்தேன். ‘ஐ’ என்றால் சாய்க்காதே, முன்னும் பின்னும் குறி போடு என்று, பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் சிஎஸ்எஸ்ஸில் எழுதினேன். பிறமொழிச் சொல், மனப்பேச்சு என எல்லாமே மேற்கோள் குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

சரி, நூல் பெயர்களைப் பட்டியலிட்டுத் தேடி மாற்றலாம் என்று பார்த்தேன். அங்கேதான் மணிமேகலை வந்தாள். ‘மணிமேகலை’ சாத்தனாரின் காப்பியம். அதே பெயரில் கோவலன், மாதவியின் மகள் சிலப்பதிகாரத்திலும் வருகிறாள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் கந்தமாறனின் தங்கை பெயரும் அதேதான். போதாததற்கு, பொன்னியின் செல்வன் என்பதே நாவலின் பெயராகவும் அருள்மொழிவர்மரின் பட்டப்பெயராகவும் இருக்கிறது. எது நூல், எது ஆள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தேன். அதற்குக் கூலியும் கிடையாது, தப்பு என்னுடையது.

முதலிலேயே நூல் பெயருக்கு ‘சைட்’ டேக் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. (வெப்சைட்டில் வரும் சைட் இல்லை, சி-ஐ-டி-இ என்று எழுத்துக்கூட்ட வேண்டும்.) ஒரு படைப்பின் பெயர் இது என்று சொல்வதுதான் அதன் வேலை. நாவல், கவிதை, கட்டுரை, படம், பாட்டு, ஓவியம், நாடகம் எதற்கும் பொருந்தும். உலாவி அதையும் சாய்த்துத்தான் காட்டும். ஆனால் சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரியில் நிமிர்த்திவிடலாம், வேறு எதுவும் கூடவே நிமிராது. தொகுப்பின் பெயர், அதிலுள்ள கவிதையின் பெயர் என்று பிரிக்க வேண்டுமா? ஆளுக்கொரு கிளாஸ் (சிஎஸ்எஸ் பிரித்தறிய டேகில் எழுதும் பெயர்) கொடுங்கள். பிறமொழிச் சொல்லுக்கும் மனப்பேச்சுக்கும் ‘ஐ’ சரியான டேக்தான். குரலில் அழுத்திச் சொல்வதற்கு ‘எம்’ (இ-எம்) டேக்.

வேற்றுமை உருபை டேகுக்குள் விடுவது

ஆங்கிலத்தில் எழுதிய எந்தப் பாடத்திலும் இது இருக்காது. ‘மணிமேகலையில்’ என்று வந்தால் ‘லை’யோடு டேகை மூடிவிட்டு ‘யில்’ என்பதை வெளியே விடலாம். ‘பொன்னியின் செல்வனில்’ என்று வந்தால்? ‘ன்’னும் ‘இ’யும் சேர்ந்து ‘னி’ ஆகிவிட்டது. நடுவில் வெட்டினால் இகரக் குறி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். திரையில் புள்ளி வட்டம் முளைக்கவும் வாய்ப்புண்டு. முழுச்சொல்லையும் உள்ளே விட்டால், பின்னால் நூற்பட்டியல் எடுக்கும்போது ‘பொன்னியின் செல்வனில்’ என்று ஒரு புது நூல் கிடைக்கும். என்னிடம் இப்படி எத்தனையோ புது நூல்கள் இருந்தன. டேகில் வித்தை காட்டாமல் வாக்கியத்தை மாற்றுங்கள்: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில். அவ்வளவுதான்.

ஆசிரியர் பெயருக்கு சைட் போடுவது

இதில் குழம்புகிறவர்களைத் திட்ட மனம் வரவில்லை. 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 விதிநூலே ட்ரூமன் என்ற ஆளின் பெயரை சைட்டுக்குள் வைத்துத்தான் உதாரணம் காட்டியது. 2014இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எச்டிஎம்எல்5ம் ஆசிரியர் பெயரை அனுமதித்தது. உலாவிக்காரர்கள் பேணும் லிவிங் ஸ்டாண்டர்டு என்ற இன்னொரு விதிநூல், படைப்பின் பெயருக்கு மட்டுமே என்று சொல்லிவந்தது. 2019இல் இரு தரப்பும் உடன்பட்டபின் அந்த ஒரே விதிநூல்தான் நடப்பில் இருக்கிறது. ஆகவே கல்கியை வெளியே விடுங்கள்.

மேற்கோள் முழுவதையும் சைட்டுக்குள் அடைப்பது

நீளமான மேற்கோளுக்கு பிளாக்கோட் டேக் இருக்கிறது. சின்னதென்றால் ‘கியூ’ டேக்.

பிளாக்கோட்டின் சைட் பண்பில் நூல் பெயர் எழுதுவது

இந்த சைட் தனி டேக் இல்லை, பிளாக்கோட் டேகுக்குள்ளேயே எழுதும் கூடுதல் குறிப்பு. அங்கே இணைய முகவரி மட்டும். எழுதினாலும் வாசகர் கண்ணுக்குத் தெரியாது.

மேற்கோள் குறியை இரண்டு தடவை போடுவது

கையாலும் தட்டி, சிஎஸ்எஸ்ஸிலும் போட்டால் இரட்டைக் குறி வரும். நான் இப்போது கையால்தான் தட்டுகிறேன், டேகுக்கு வெளியே. சிஎஸ்எஸ் போட்ட குறி, யாராவது ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது கூட வராது. அப்புறம் மணிமேகலை மறுபடியும் வெறும் பெண்ணாகத்தான் போய்ச் சேருவாள்.