ஒற்றைத் தலைவலி: மாத்திரை போட்ட நாள்களையும் எண்ணுங்கள்

தில்லியின் மே மாத வெயிலில், காலை உணவைத் தவிர்த்துவிட்டு முனிர்க்காவிலிருந்து அலுவலகத்துக்கு ஓடும் நம்மவர்களுக்கு ஒற்றைத் தலைவலி கிளம்புவதில் வியப்பில்லை. கவனிக்காமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடிய இவ்வலிக்கு, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை, வலி முற்றும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டு, இருட்டறையில் சற்றுப் படுப்பது நல்லது. ஆனால், பாரசிட்டமால் போன்ற சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாள்களோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாள்களோ, அதற்கு மேலுமோ மாதக்கணக்கில் விழுங்கிவந்தால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடலாம். ஆகவே, போட்ட நாளைச் சமையலறை நாள்காட்டியில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே (அங்கேதான் தினமும் கண் போகும்) குறித்து வையுங்கள். திடீரென இடிபோல் தாக்கும் வலியோ, புதிதாகப் பேச்சுக் குழறலோ, ஒருபக்கக் கை கால் தளர்ச்சியோ தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.