இணையத்தில் வம்சாவளி தேடுவது எப்படி: வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு

வம்சாவளியைத் தேட விரும்புவோர் இணையத்தைத் திறப்பதற்கு முன், தாத்தாவின் தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் இடம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றுள் குலதெய்வத்தையே நான் பெரிதும் நம்புவேன். வேலூருக்கோ குடியாத்தத்துக்கோ பல தலைமுறைக்கு முன் குடிபெயர்ந்த குடும்பம்கூட, பிள்ளைக்கு முதல் முடி இறக்கச் செல்லும் ஊரை மறப்பதில்லை.

அந்த ஊர் அக்காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். திருப்பத்தூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் திருவண்ணாமலையும், 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே, பழைய தாளில் 'வட ஆற்காடு' என்றிருக்கும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கக்கூடும்.

நிலம் வைத்திருந்த குடும்பமானால், புல எண்ணைக் கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். அதில் கிடைக்கும் ஆவண எண்ணைக் கொண்டு பத்திர நகல் பெற்றால், 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற தொடரும், நான்கெல்லை விவரத்தில் பங்காளிகளின் பெயர்களும் தெரியவரலாம். மிகப் பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே செல்ல வேண்டும்.

'கப்பலேறிப் போனவர்' என்று ஒருவரைப் பற்றி வீட்டில் பேச்சு இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒன்றரை லட்சம் பேரில் வட ஆற்காட்டினர் மிகப் பலர். அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், ஜில்லா ஆகியவற்றைக் குறித்த கப்பல் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். வந்தவாசி 'வாண்டிவாஷ்' என்றிருக்கும். ஒவ்வொரு பெயரையும் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனவே வயதும் தகப்பனார் பெயரும் பொருந்தாமல் எவரையும் நம்மவர் என்று முடிவு செய்யக் கூடாது.

நிலப் பத்திரங்களில் பெண்கள் பெரும்பாலும் இன்னார் மனைவி என்ற அளவிலேயே நிற்பதால், பாட்டியின் தாய்வீட்டு ஊரையும் அவருடைய தாயார் பெயரையும் அவரிடமே கேட்டு, குரலைக் கைப்பேசியில் பதிவுசெய்து, கேட்ட தேதியையும் உடன் குறித்து வையுங்கள்.