எழுத்தாளர் கூட்டத்துல முதல் தடவை கதை வாசிக்கப் போறவங்களுக்கு

மதுரையில நாங்க கூடுற கூட்டத்துக்கு இப்ப புதுசா நிறைய பேர் வர்றாங்க, நல்லாவும் எழுதுறாங்க, ஆனா வாசிக்கும்போது பாதிக் கதை ஃபேன் சத்தத்துல போயிருது. அதைப் பாக்க மனசு கேக்கல, அதான் இந்தப் பதிவு. சிறுகதைக்கு மட்டும் சொல்றேன், கவிதைக்கு வேற கணக்கு.

1. முதல்ல நீளம். அவசரப்படாம வாசிச்சா நிமிஷத்துக்கு 80லருந்து 100 வார்த்தை வரும். பத்து நிமிஷம் குடுத்தா 900 வார்த்தைக்கு மேல வேணாம். கதை பெருசுன்னா ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கங்க, முன்கதையை ரெண்டே வரியில சொல்லிட்டு ஆரம்பிங்க.

2. பேப்பர்ல பிரிண்ட் எடுங்க. போன் வேணவே வேணாம், நடுவுல கால் வரும், விரல் பட்டா பக்கம் எங்கயோ ஓடிரும். நோட்டோ சான்ஸ் தமிழ், சைஸ் 14, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண் கட்டாயம். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணி வச்சிருந்தா யூனிகோடுக்கு மாத்தி பிடிஎஃப் ஆக்கிக்கங்க. இல்லன்னா ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இருக்காது, கதை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்து நிக்கும்.

3. இதுதான் நிறைய பேர் சறுக்குற இடம், பொறுமையா படிங்க. தமிழ்ல வினை கடைசியில தான வருது, வந்தானா வந்தாளா, நடந்துச்சா நடக்கலையா எல்லாமே அந்தக் கடைசி வார்த்தையிலதான் இருக்கு. நாம என்ன பண்றோம், வாக்கியத்தை ஜோரா ஆரம்பிச்சு, போகப் போக மூச்சு கொறைஞ்சு, கடைசி வார்த்தையை முழுங்கிர்றோம். உதாரணத்துக்கு, "மாட்டுத்தாவணியில பஸ் ஏறி, மேலூர்ல இறங்கி, மத்தியான வெயில்ல நடந்துபோயி, அக்கா வீட்டு வாசல்ல நின்னவன் கதவைத் தட்டல." இதுல "தட்டல" கேக்கலன்னா கதையே கேக்கல. அதனால "ஏறி", "இறங்கி", "நடந்துபோயி" ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி சிவப்புப் பேனாவுல ஒரு சாய்கோடு போடுங்க, அங்க மூச்சு எடுங்க, கடைசி வினைக்குக் கீழ கோடு போட்டு அதை முழுசா சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்துங்க.

சரியா வருதான்னு பாக்க, வீட்டுல ஃபேனை முழு ஸ்பீடுல வச்சு, போனை ரூமோட அந்தக் கோடியில வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. பேப்பரைப் பாக்காம கேளுங்க. எங்க முழுங்குறீங்கன்னு தெளிவா தெரியும். எங்கயாச்சும் எத்தனை தடவை வாசிச்சும் மூச்சு பத்தலன்னா அந்த வாக்கியத்தையே ரெண்டா உடைச்சிருங்க, எழுத்துக்கும் அது நல்லது.

4. வாசிச்சு முடிச்சதும் பேசாம இருங்க. தொல்காப்பியத்தை அரங்கேத்தினப்ப அதங்கோட்டாசான் குறை சொல்லச் சொல்ல தொல்காப்பியர் பதில் சொன்னதா நச்சினார்க்கினியர் உரையில வரும். அது இலக்கண நூல், பதில் சொல்லித்தான் ஆகணும். கதைக்கு அப்படி இல்ல, நாளைக்குப் பத்திரிகையில வந்தா வாசகர் பக்கத்துல போயி நீங்க உக்காந்து விளக்க முடியாதுல்ல? "அந்த இடம் புரியலண்ணே"ன்னு ஒரு தம்பி சொன்னா அந்த வரியில குறி போட்டுக்கங்க, அவ்வளவுதான். மூணு பேர் ஒரே இடத்துல முட்டுனா அங்க திருத்தணும். முடிவை மாத்துங்கன்னு ஒருத்தர் மட்டும் சொன்னா ஒரு வாரம் ஆறப்போட்டுட்டு யோசிங்க.

5. அடுத்தவங்க வாசிக்கும்போது நீங்களும் நோட்டு வச்சுக்கங்க. "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொன்னா எழுதினவங்களுக்கு அதுல எடுத்துக்க ஒண்ணுமில்ல, மனசுல நின்ன ஒரு வரியைச் சொல்லுங்க.

பின்சேர்க்கை: கதையில "வந்துட்டாய்ங்க", "சொன்னாய்ங்க"ன்னு நம்ம ஊர்ப் பேச்சு வந்தா எப்படி வாசிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. வீட்டுல பேசுற மாதிரியே வாசிங்க, ரேடியோ குரல் வேணாம். ஆனா ஊர்ப் பேச்சுல கடைசி எழுத்து இன்னும் வேகமா ஓடும், அதனால வசனத்துக்கு முன்னாடியும் ஒரு சாய்கோடு போட்டு, பேசுறது யாருன்னு தெரியுற மாதிரி கொஞ்சம் நிறுத்தி ஆரம்பிங்க.

இன்னொண்ணு, கூட்டம் நடத்துறவங்களுக்கு: அழகர் ஆத்துல இறங்குற வாரத்துல தேதி வைக்காதீங்க. கோரிப்பாளையம் பக்கம் ரோட்டை மாத்தி விட்டுருவாங்க, வெளியூர்ல இருந்து பஸ்ல வர்றவங்க வந்து சேர முடியாது.