டேப் எமுலேஷனும் பிட் டெப்த்தும்: வீட்டு ரெக்கார்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேப் எமுலேஷன் (பழைய டேப் ரெக்கார்டரின் ஒலியைப் போலவே ஆக்கும்) பிளக்-இன்னைப் போட்டதும் ட்ராக் கரகரத்தால், பலரும் முதலில் டேப் வகையை மாற்றுவார்கள், பிறகு வேகத்தை, கடைசியில் பிளக்-இன்னையே. கோளாறு பெரும்பாலும் அதற்கு ஒரு படி முன்னால், உள்ளே போகும் லெவலில் இருக்கும்.

இன்றைய ரெக்கார்டிங் மென்பொருள்கள் உள்ளுக்குள் 32 அல்லது 64 பிட் ஃப்ளோட்டில் (0-க்கு மேலும் தாராளமாக இடம் தரும் எண் வடிவம்) கணக்குப் போடுகின்றன. ட்ராக் மீட்டர் 0-ஐத் தாண்டிச் சிவந்தாலும் அங்கே எதுவும் வெட்டுப்படாது. மாஸ்டரில் குறைத்தால் அலை பழைய வடிவத்திலேயே கிடைக்கும். இந்தச் சலுகை பழகிப்போய் லெவலைப் பார்க்கும் வழக்கமே போய்விடுகிறது. டேப் எமுலேஷனிடம் இந்தச் சலுகை கிடையாது. பல பிளக்-இன்களில் -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச எல்லையான 0-க்கு 18 டெசிபெல் கீழே) என்பதுதான் 0 வியூ, அதாவது சராசரி லெவலைக் காட்டும் முள் மீட்டரின் 0. குரல் சராசரியாக -10-இல் ஓடினால், எந்தக் குமிழையும் தொடாமலே டேப்பை 8 டெசிபெல் கூடுதலாகத் தள்ளுகிறீர்கள்.

உடனே ஃபேடரை இறக்கிப் பார்ப்பார்கள். சத்தம் குறையும், கரகரப்பு அப்படியே நிற்கும். காரணம், இன்சர்ட்டில் (ட்ராக்கின் பிளக்-இன் வரிசையில்) உள்ள பிளக்-இன் ஃபேடருக்கு முன்னால் வேலை செய்கிறது. கிளிப் கெயினை (பதிந்த ஒலித் துண்டின் லெவலை) குறையுங்கள். அல்லது டேப்புக்கு முந்தைய ஸ்லாட்டில் ஒரு கெயின் பிளக்-இன் வைத்து -8 கொடுங்கள். குரலுக்கும் பேஸுக்கும் வியூ முள் 0-ஐ ஒட்டி ஆடினால் போதும். டிரம்முக்கு அந்த முள்ளை நம்பாதீர்கள். அது முழுதாக ஏற சுமார் 300 மில்லிசெகண்ட் வேண்டும். ஸ்னேர் அடி அதற்குள் முடிந்துவிடும். அங்கே பீக் மீட்டரில் -10-ஐ ஒட்டித் தொடங்கிக் காதால் கேட்டு ஏற்றுவதே சரி.

அவுட்புட்டையும் சமப்படுத்துங்கள். பிளக்-இன் 2 டெசிபெல் ஏற்றிக் கொடுத்தாலே 'ஆஹா, வெதுவெதுப்பு' என்று தோன்றும். பைபாஸ் செய்தாலும் (பிளக்-இன்னை விலக்கினாலும்) செய்யாவிட்டாலும் ஒரே சத்தம் வரும்படி வைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். பாதி நேரம் பைபாஸே ஜெயிக்கும்.

லெவல் சரியாக இருந்தும் ஹை-ஹாட், சிம்பல் பக்கம் கண்ணாடி கீறுவதுபோல் கேட்டால், அது ஏலியாசிங். சாச்சுரேஷன் (டேப்பைத் தள்ளும்போது வரும் சிதைவு) புது ஹார்மோனிக்குகளை (மூல ஒலியின் 2, 3 மடங்கு அலைவரிசைகளை) உண்டாக்குகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனில் அதன் பாதியான 22.05-க்கு மேல் இடமில்லாததால் அவை மடங்கித் திரும்புகின்றன. 9 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் ஹார்மோனிக் 27, அது 17.1-இல் வந்து விழும். ஐந்தாவது 45, அது 900 ஹெர்ட்ஸில், குரலின் நடுவே வந்து உட்காரும். பாட்டின் சுருதிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஓவர்சாம்ப்ளிங்கை (பிளக்-இன் உள்ளே உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவதை) 4 மடங்காக்குங்கள். கணினி திணறினால், எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹிஸ்ஸை (டேப்பின் 'உஸ்' இரைச்சலை) ஒவ்வொரு ட்ராக்கிலும் திறந்து வைப்பது இன்னொரு தவறு. 16 ட்ராக்கில் ஒரே அளவு ஹிஸ் சேர்ந்தால் மொத்தம் 12 டெசிபெல் ஏறும். மாஸ்டரில் ஒன்று போதும்.

வேகக் குமிழைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. 15, 30 என்பவை விநாடிக்கு எத்தனை அங்குலம் டேப் ஓடுகிறது என்ற கணக்கு. மாற்றினால் பேஸின் புடைப்பும் மேல் அலைவரிசைகளும் மாறும், சுருதி மாறாது. 4 நிமிடப் பாட்டு 4:21 ஆகி, ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கியிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் 44.1-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. டேப்பைத் திட்டாமல் இன்டர்ஃபேஸ், செஷன் இரண்டின் சாம்பிள் ரேட்டையும் பாருங்கள்.

பிட் டெப்த்தில் (ஒவ்வொரு சாம்பிளையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பதில்) நடக்கும் தவறுகள் ரெக்கார்டிங்கிலேயே ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபெல் வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) தரும். 16 பிட்டுக்கு 96, 24-க்கு 144. எனவே 24 பிட்டில் 0-ஐத் தொடும்வரை ஏற்றிப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. உச்சம் -12-இல் நின்றால் தாராளம். '32 ஃப்ளோட்தானே, கிளிப் ஆனாலும் (அலை வெட்டுப்பட்டாலும்) மீட்கலாம்' என்பதும் தவறு. சாதாரண இன்டர்ஃபேஸில் உள்ள கன்வர்ட்டர் (அனலாக் ஒலியை எண்ணாக்கும் பகுதி) வெட்டிவிட்ட அலையை ஃபைல் வடிவம் திருப்பித் தராது. அதேபோல் 16 பிட் ஃபைலை 24-ஆக மாற்றினால் ஃபைல்தான் பருக்கும்.

டிதர் (பிட் குறையும்போது வரும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஒரே ஒரு முறை, 16 பிட்டுக்கு இறக்கும் கடைசிப் படியில். சாம்பிள் ரேட் மாற்றம், நார்மலைஸ் (உச்சத்தைக் குறித்த லெவலுக்கு ஏற்றுவது), ஃபேட் எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். எம்பி3 வேண்டுமென்றால் 24 பிட் ஃபைலிலிருந்தே நேரடியாக எடுங்கள்.

'டேப் ஹிஸ் இருக்கிறதே, டிதர் எதற்கு?' என்று கேட்கலாம். பாட்டு ஓடும்வரை அது நியாயம்தான். -70-இல் இருக்கும் ஹிஸ்ஸே டிதர் வேலையைச் செய்துவிடும். ஆனால் டேப்புக்குப் பிறகு ஃபேட்-அவுட் போட்டால் ஹிஸ்ஸும் கூடவே மங்கி மறையும், வால் பகுதி டிதர் இல்லாமல் நிராதரவாகிவிடும். சோதித்துப் பார்க்க, எக்ஸ்போர்ட் செய்த 16 பிட் ஃபைலின் கடைசி 3 விநாடியை மட்டும் வெட்டிப் புது செஷனில் வைத்து 40 டெசிபெல் ஏற்றுங்கள். சீரான இரைச்சலுக்குள் இசை மெல்ல அமிழ்ந்தால் டிதர் இருக்கிறது. கொறகொறத்து, விட்டுவிட்டுக் கேட்டு, திடீரென அறுந்தால் இல்லை. பிளே அமுக்கும் முன் ஹெட்ஃபோன் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.