புரோநோட்டுக்கு 3 வருஷம், எந்த நாளிலிருந்து எண்ணுவது?

"அடுத்த மாசம் தந்துடுறேன்" என்று கடன் வாங்கியவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நாமும் சரி சரி என்று விட்டுக்கொண்டே இருப்போம், திருப்பித் தருவதாக அவர் எழுதிக்கொடுத்த புரோநோட்டு பீரோவுக்குள்ளேயே காலாவதி ஆகிவிடும். கடன் கொடுத்திருந்தால் முதலில் நோட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, இந்தியாவின் காலவரையறைச் சட்டம் 1963-ன்படி, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கடைசியாகப் போய்க் கேட்ட தேதிக்கு இங்கே மதிப்பில்லை. எழுதிய நாளை எண்ண வேண்டாம். ஆக 10-3-2022 தேதியிட்ட நோட்டுக்கு 10-3-2025க்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். அன்றைக்கு கோர்ட் விடுமுறை என்றால் திறக்கிற நாளில் போடலாம்.

வக்கீல் நோட்டீஸ் விட்டால் கெடு நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது. வாய்ப்பேச்சாகத் தருகிறேன் என்றாலும் நிற்காது. கெடு முடிவதற்குள், பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வட்டியோ அசலில் கொஞ்சமோ கொடுத்து நோட்டின் பின்பக்கம் தன் கையாலேயே வரவு எழுதியோ, எழுதிய வரவில் கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். மேலே சொன்ன நோட்டில் "5-8-2024 வரவு ரூ.500" என்று அப்படி இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருஷம் ஓடும். அவர் கையெழுத்து இல்லாமல் நீங்களே எழுதி வைத்துக்கொண்ட வரவு எடுபடாது (இதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள்).

கெடு முடிந்தபின் எழுதும் வரவுக்கும் பலன் இல்லை. பழைய கடனைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் ஒரு வழி உண்டு. மேல்முறையீட்டில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், முதன்முதலில் போடும் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய வழக்கை கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும்.

செக் ரிட்டர்ன் ஆனால் கணக்கே வேறு: வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் காத்திருப்பு, அதிலும் பணம் வராவிட்டால் அப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நுகர்வோர் புகாருக்கு 2 வருஷம்.

குற்ற வழக்குகளில் தண்டனையை வைத்துத்தான் கெடு. அபராதம் மட்டுமே என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் 1 வருஷம், அதற்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 வருஷம். அதைவிடப் பெரிய குற்றத்துக்கு எத்தனை வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம்.