சைவ பஃபேயில் காசும் வயிறும் கெடாமல் சாப்பிட

வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபேக்குள் நுழைந்ததுமே தட்டைக் கையில் எடுப்பதுதான் முதல் தவறு. தட்டு கையில் இருந்தால் கண்ணில் பட்டதெல்லாம் அதில் ஏறிவிடும். மலிவு விலை பஃபேக்களில் வரிசையின் தொடக்கத்தில் பெரும்பாலும் சூப், ரொட்டி, சோறு, நூடுல்ஸ் போன்றவைதான் இருக்கும். கடைக்குச் செலவு குறைவு, நமக்கு வயிறு சீக்கிரம் நிரம்பும். காய்கறி, பயறு, பனீர், டோஃபு (சோயா பனீர்) இருக்கும் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தட்டில் இடம் இருக்காது. வெறுங்கையோடு ஒரு சுற்று சுற்றி, என்னென்ன இருக்கிறது, எது இப்போதுதான் வந்தது என்று பார்த்துவிட்டுத் தட்டை எடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

முதல் தட்டு ருசி பார்க்க மட்டுமே. ஐந்தாறு வகையில் தலா இரண்டு மேசைக்கரண்டி எடுத்தால் எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த தட்டுக்கு எழுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்; வயிறு நிறைந்த உணர்வு முழுதாக வருவதற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். கொடுத்த காசை ஈடுகட்ட வேண்டுமென்று காலையிலிருந்து பட்டினி கிடந்து வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கொலைப்பசியில் அள்ளிப் போட்டுக்கொண்டால் முதல் இரண்டு வகையிலேயே சாப்பாடு முடிந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் லேசாக ஏதாவது சாப்பிட்டு வருவதே நல்லது.

சைவத் தட்டில் இன்னொரு கவனமும் வேண்டும். 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு வெந்த பருப்பிலோ கொண்டைக்கடலையிலோ 8 முதல் 9 கிராம் வரை இருக்கும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறோ டோஃபுவோ, மீதிக் கால் பங்கு சோறோ ரொட்டியோ என்று வைத்துக்கொண்டால் சீக்கிரம் மறுபடி பசிக்காது.

எடை போட்டுக் காசு வாங்கும் கடையாக இருந்தால் கணக்கு மாறிவிடும். வெள்ளரி, தர்பூசணி போன்றவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதற்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். குழம்பைச் சற்று வடித்து எடுங்கள். தட்டின் எடையைக் கழிக்கிறார்களா என்று தராசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“சைவ உணவுதானே, என்ன கெட்டுவிடப் போகிறது” என்ற நினைப்புதான் இருப்பதிலேயே ஆபத்தானது. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சோற்றை மிகவும் கவனிக்க வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆகவே வெதுவெதுப்பான சோற்றை விட்டுவிடுங்கள். குழம்பின் மேல் ஆடை கட்டியிருப்பது, பாத்திரத்தின் ஓரம் காய்ந்து கறுத்திருப்பது எல்லாம் வெகுநேரமாக அங்கேயே இருக்கிறது என்பதற்கு அடையாளம். பழைய மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டுகிறார்களா, பாத்திரத்தையே மாற்றுகிறார்களா என்று பாருங்கள். மாற்றுகிற கடையை நம்பலாம். பச்சை முளைப்பயறும் நறுக்கிய பழமும் பனிக்கட்டியின் மேலோ குளிர்பெட்டியிலோ இல்லையென்றால் தொடாதீர்கள். கூட்டம் நிறைந்த நேரத்தில் பாத்திரங்கள் சீக்கிரம் காலியாகிப் புதியது வரும். கடை மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரம் அப்படியல்ல.

ஒவ்வாமை உள்ளவர்கள் பெயர்ப்பலகையை மட்டும் நம்பக் கூடாது. வேர்க்கடலைச் சட்டினியில் கிடந்த கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போக ஒரு நொடி போதும். பொரித்ததெல்லாம் ஒரே எண்ணெயில் வெந்திருந்தால் கோதுமை மாவும் அதில் கலந்திருக்கும். பால் பொருளைத் தவிர்ப்பவர்கள் “இது வீகனா?” என்று பொதுவாகக் கேட்காமல், “இதில் வெண்ணெய், நெய், கிரீம், பால் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அசைவமும் பரிமாறும் கடையில் சூப்பின் அடிச்சாறு எதில் எடுத்தது, ஜெல்லியில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு எடுங்கள். எச்சில் தட்டில் உரசிய கரண்டி பொதுப் பாத்திரத்துக்கே திரும்பும். கரண்டிப் பிடியை எல்லாரும் தொடுவதால், பரிமாறிக்கொண்ட பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

நேர வரம்பு உண்டா, பானமும் இனிப்பும் விலைக்குள் அடக்கமா, மீதம் வைத்தால் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போகவும் நினைக்க வேண்டாம். பல கடைகள் அதற்கு அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், ஏற்கெனவே மணிக்கணக்கில் வெளியே இருந்த உணவு அது. வீடு போய்ச் சேரும் வரை இன்னும் ஆறிக்கொண்டேதான் இருக்கும்.